புனே நகரில் தஞ்சையின் தலைவாசல்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் கருவறையைத் தொழுது, நந்தியைச் சுற்றி, விமானத்தை அண்ணாந்து பார்த்து மகிழ்ந்து மீள்வர். திருச்சுற்று மாளிகையின் சுவரில் நீண்டு கிடக்கும் ஒரு கல்வெட்டின்முன் நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. அது இராசராச சோழன் வெட்டுவித்ததன்று, தமிழும் அன்று. 1803-ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் தம் குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில், தேவநாகரி எழுத்தில் பொறித்து வைத்தது. போன்சலே வமிச சரித்திரம் என்பது அதன் பெயர். நம் சங்கத்துப் பிள்ளைகள் புனேப் பள்ளிகளில் மராத்தி பயில்கின்றனர். அக்கல்வெட்டை எழுத்துக் கூட்டிப் படிக்க அவர்களால் இயலும். சோழன் எடுத்த கோயிலின் சுவரில், நாம் பிழைக்க வந்த ஊரின் மொழி!

அக்கல்வெட்டு சொல்லும் கதையைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால் அது நம்மைப் புனே நகரத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. ஆகவே, இந்நகரத்தின் பழைய இடங்களைக் காணாதவர் தஞ்சையையும் பாதியே கண்டவர் என்பது என் எண்ணம். சரித்திரப் பேராசிரியர்கள் எழுதவேண்டிய இப்பொருளைக் கல்லூரி வாசலை மிதிக்காத ரயில்வே எழுத்தன் ஒருவன் தொடுவதற்கு வேறு தகுதி ஏதும் இல்லை. விடுமுறை நாட்களில் கால் ஓயுமளவும் இப்பேட்டைகளில் நடந்திருக்கிறேன் என்பது ஒன்றே.

புனே என்னும் ஊர் பழமையானது. எட்டாம் நூற்றாண்டில், 758, 768 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இராட்டிரகூடர் செப்பேடுகளிலேயே இவ்வட்டாரத்தின் பெயர் காணப்படுகிறது. ஜங்கிலி மகராஜ் சாலையில், வாகன இரைச்சலுக்கு நடுவே, சாலை மட்டத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் பாதாளேசுவரர் குடைவரைக் கோயிலும் அக்காலத்தது என்பர் ஆய்வாளர். பாறையைக் குடைந்து தூண்களை நிறுத்தி, முற்றத்தில் வட்ட வடிவமான நந்தி மண்டபம் ஒன்றையும் அதே பாறையில் செதுக்கியிருக்கின்றனர். மாமல்லபுரத்தைக் கண்ட கண்ணுக்கு இது எளியதாகவே தோன்றும். ஆயினும் சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் உடனே உணரப்படும் குளிர்ச்சி ஒன்றுக்காகவே அங்குச் செல்லலாம்.

ஊர் பழையதாயினும் அதன் பெருமை தொடங்குவது பதினேழாம் நூற்றாண்டில்தான். மாலோஜி போன்சலேயும் அவர் மகன் சாகஜியும் புனேயையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் ஜாகீராகப் பெற்றிருந்தனர். சுல்தான்களுக்கிடையே நடந்த போர்களில், 1630-ஐ ஒட்டி, பிஜப்பூர்ப் படை இவ்வூரைக் கொளுத்திப் பாழாக்கியது. கழுதை பூட்டி உழுது, இனி இங்கு ஒருவரும் குடியேறலாகாது என்பதற்கு அறிகுறியாக இரும்புக் கடப்பாரையை நட்டுச் சென்றனர் என்று ஊரார் கூறுவர். கழுதை ஏர் பூட்டி உழுவது பகைவர் நாட்டைப் பழிக்கும் செயல் என்பதை நம் புறநானூறு படித்தவர் அறிவர். அவ்வழக்கம் இவ்வளவு தொலைவு பரவியிருந்தது வியப்பே. அப்பாழ் நிலத்துக்குத் தம் சிறுவன் சிவாஜியை அழைத்துக்கொண்டு ஜீஜாபாய் அம்மையார் வந்தார். தாதாஜி கொண்டதேவ் நிலங்களைத் திருத்திக் குடிகளை மீண்டும் அமர்த்தினார். பொன்னாலான கொழு பூட்டி மறுமுறை உழுதனர் என்பதும் ஊர்க்கதை.

அம்மையாரோடு தொடர்புடைய இரண்டு இடங்களை இன்றும் காணலாம். ஒன்று கஸ்பா கணபதி கோயில். இவரே ஊர்த்தெய்வம். கணேச சதுர்த்தி விழாவின் நிறைவு நாளில் எத்தனை பெரிய கணபதிகள் ஊர்வலம் வந்தாலும் முதல் மரியாதை இவருக்கே உரியது. மற்றொன்று லால் மஹால். இன்று நாம் காண்பது 1980-களில் மாநகராட்சியார் எழுப்பிய புதிய கட்டிடம். பழைய மாளிகையின் சுவர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழையதை எதிர்பார்த்துச் சென்று ஏமாறவேண்டா. ஆனால் 1663 ஏப்ரலில் மொகலாயத் தளபதி சாயிஸ்தாகான் இங்கே தங்கியிருந்தபோது, சிவாஜி சிறு கூட்டத்தோடு நள்ளிரவில் உட்புகுந்து தாக்கியதும், கான் விரல்களை இழந்து உயிர் தப்பியதும் இவ்விடத்தில்தான்.

இனித் தஞ்சைக்கு வருவோம். சாகஜிக்குத் துக்காபாய் என்னும் மற்றொரு மனைவியிடம் பிறந்த மகன் ஏகோஜி. வெங்காஜி என்றும் அவரை அழைப்பர். சாகஜி பிஜப்பூர் அரசின் பணியில் பெங்களூரில் இருந்தார். ஏகோஜியும் அப்பணியிலேயே உயர்ந்தார். மதுரைச் சொக்கநாத நாயக்கர் 1673-இல் தஞ்சையின்மீது படையெடுக்க, விசயராகவ நாயக்கர் போரில் மடிந்தார். நாயக்கர் மரபினரான இளைஞர் ஒருவரை மீண்டும் அரியணையில் அமர்த்துமாறு பிஜப்பூர் சுல்தான் ஏகோஜியை ஏவினார். ஏகோஜி வந்தார், வென்றார், சில காலத்திற்குள் அரியணையில் தாமே அமர்ந்துகொண்டார். இது 1676-ஐ ஒட்டி நிகழ்ந்தது. காவிரிக் கரையைக் கண்டவருக்கு மீண்டும் திரும்பிச் செல்ல மனம் வரவில்லை போலும்.

அடுத்த ஆண்டு, 1677-இல், அண்ணன் சிவாஜியே தெற்கே வந்தார். செஞ்சியைக் கைப்பற்றியபின் கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடிக்கு அருகே பாசறை அமைத்துத் தம்பியை அழைத்தார். தந்தையின் சொத்தில் பாதியைத் தமக்குப் பிரித்துத் தரவேண்டும் என்பது அவர் வழக்கு. பேச்சு நாட்கணக்கில் நீண்டது. ஓர் இரவில் ஏகோஜி ஒருவரிடமும் சொல்லாமல் ஆற்றைக் கடந்து தஞ்சைக்குத் திரும்பிவிட்டார். எவ்வளவு பெரிய வீரராயினும் பங்காளி வழக்கு பங்காளி வழக்கே! பின்னர் இருவருக்கும் உடன்பாடு ஏற்பட்டு, தஞ்சை தம்பியிடமே நின்றது.

அன்று தொடங்கி 1855 வரையில் ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் அம்மரபு தஞ்சையில் நிலைத்தது. ஏகோஜியின் மூத்த மகனுக்குப் பாட்டனாரின் பெயர். அவரே 1684 முதல் 1712 வரை ஆண்ட சாகஜி. அவர் பண்டிதர்களுக்கு வழங்கிய திருவிசநல்லூர், சாகஜிராஜபுரம் என்று பெயர் பெற்றது. புனே ஜாகீர்தாரின் பெயர் காவிரிக் கரை ஊர் ஒன்றுக்கு இப்படியாக வந்து சேர்ந்தது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் காமன் பண்டிகையின்போது 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' எனப் பிரிந்து வழக்காடிப் பாடும் லாவணியும் மராட்டியர் கொணர்ந்ததே. லாவணி இங்கே காதல் பாட்டாகவும் ஆட்டமாகவும் வளர்ந்தது; நம்மூரில் புராண வழக்காக மாறிவிட்டது. சாம்பாருக்குச் சாம்பாஜியின் பெயர் வந்த கதையையும் சிலர் சொல்வர். சுவையான கதைதான், சான்று கேட்டால் குழம்பு ஆறிவிடும்.

சிவாஜியின் குலம் இப்படித் தெற்கே ஒரு கிளை விட்டிருக்க, புனேயில் நடந்தது வேறு. சிவாஜியின் பேரன் சாகு மன்னர் சாத்தாராவில் வீற்றிருந்தார். அவருடைய முதலமைச்சர்களான பேஷ்வாக்கள் புனேயில் தங்கி ஆட்சி நடத்தினர். சாகு மன்னர் 1749-இல் மறைந்தபின் முடி சாத்தாராவிலும் அதிகாரம் முழுவதும் புனேயிலும் என்றாயிற்று. ஆகவே புனே முடி சூடிய மன்னரின் தலைநகரம் அன்று. எழுத்தும் கணக்கும் கையெழுத்தும் ஆண்ட தலைநகரம். எழுத்தனாகிய எனக்கு அதில் சிறிது பெருமிதம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இந்நகரத்தின் அமைப்பே முதலில் காணத்தக்கது. சோம்வார், மங்கள்வார், புத்வார், குருவார், சுக்ரவார், சனிவார், ரவிவார் எனக் கிழமைப் பெயரால் அமைந்த பேட்டைகள் உள்ளன. மராத்தியில் பேட் என்பதும் நம் சைதாப்பேட்டை, இராணிப்பேட்டையில் உள்ள பேட்டை என்பதும் ஒரே சொல். வணிகர்களை வரவழைத்து, வரிச்சலுகை அளித்துக் குடியமர்த்தி, பேட்டை பேட்டையாக ஊரை வளர்த்தனர் பேஷ்வாக்கள். வேறு சில பேட்டைகள் மனிதர் பெயரைத் தாங்குவன. சதாசிவப் பேட்டை, 1761 சனவரி 14-இல் பானிபட் போர்க்களத்தில் மாண்ட சதாசிவராவ் பாவுவின் பெயரில் அமைந்தது. நானாப் பேட்டை நானா பட்னவீசுக்கு உரியது. நம்மவர் பலர் தலைமுறைகளாகக் குடியிருந்து, மல்லிகைப்பூவும் காப்பிக்கொட்டை வாசனையுமாக ஆக்கிவிட்ட ராஸ்தாப் பேட்டை, ராஸ்தே என்னும் சர்தார் குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்துப் பெண்ணாகிய கோபிகாபாய் பேஷ்வா நானாசாகேபின் மனைவியாய், இரண்டு பேஷ்வாக்களுக்குத் தாயாய் விளங்கியவர். நாள்தோறும் அஞ்சல் உறையின்மேல் எழுதும் முகவரியில் இவ்வளவு சரித்திரம் அடங்கியிருக்கிறது.

சனிவார் வாடாவுக்கு இப்பொழுது செல்வது எளிது. 2024 செப்டம்பரில் சுரங்க மெட்ரோ ரயில் சுவார்கேட் வரை நீண்டதால், கஸ்பாப் பேட்டை நிலையத்தில் இறங்கிச் சிறிது நடந்தால் போதும். முதலாம் பாஜிராவ் 1730 சனவரி 10, சனிக்கிழமையன்று கால்கோள் செய்து, 1732 சனவரி 22, மீண்டும் ஒரு சனிக்கிழமையில், புதுமனை புகுந்தார். அதனால் இப்பெயர். செலவு 16,110 ரூபாய் என்று கணக்கு உள்ளது. நம்மவர் சனிக்கிழமையில் புது வீடு புகுவோமா? இந்துஸ்தானத்தின் பாதியை நடுங்கவைத்தவருக்கு அந்த அச்சம் இல்லை.

வடக்கு நோக்கிய தில்லி வாயில் இன்றும் கம்பீரமாய் நிற்கிறது. அதன் கதவுகளில் ஆள் உயரத்துக்கு மேலே கூரிய இரும்பு முளைகள் அறையப்பட்டுள்ளன. யானை நெற்றியால் முட்டிக் கதவைத் தகர்க்காதிருக்க இவ்வேற்பாடு. தில்லியை நோக்கி வாயில் வைப்பது மொகலாயரைப் போருக்கு அழைப்பதாகும் என்று சாகு மன்னர் தடுத்தார் என்றும் கூறுவர். கல்லால் அரண்மனை கட்டும் உரிமை மன்னருக்கே உண்டு என்று மறுப்பு எழுந்ததால், அடித்தளத்தைக் கல்லாலும் மேலே செங்கல்லாலும் மரத்தாலும் கட்டினர் என்பது வழிவழி வந்த செய்தி. இது எவ்வளவு மெய்யோ, பின்னால் நடந்ததற்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1828 பிப்ரவரி 27-இல் பற்றிய தீ ஏழு நாள் எரிந்தது. மரமும் செங்கல்லும் போயின. மன்னரல்லாதார் கட்டிய கல் அடித்தளமும், ஒன்பது கொத்தளங்களோடு கூடிய மதிலும், ஐந்து வாயில்களுமே நின்றன.

உள்ளே செல்பவர் புல்வெளியையும் அடித்தள வரிசைகளையுமே காண்பர். "இவ்வளவுதானா?" என்று கேட்டுத் திரும்பும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்விடத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. நடந்ததை அறிந்து பார்க்கவேண்டும். 1773 ஆகஸ்டு 30, கணபதி விழாக் காலம். பேஷ்வா நாராயணராவுக்கு வயது பதினெட்டு. சம்பள நிலுவை கேட்பதாகக் கூச்சலிட்டுக்கொண்டு கார்தி என்னும் காவற்படையினர் வாளோடு உட்புகுந்தனர். இளைஞன் தன் சிற்றப்பா ரகுநாதராவிடம் ஓடி, காப்பாற்றும்படி கட்டிக்கொண்டு கதறினான். அவர் கண்முன்னரே வெட்டி வீழ்த்தினர். நாராயணராவைப் பிடிக்குமாறு ரகுநாதராவ் எழுதிய ஆணையில் ஓர் எழுத்தை மாற்றி, பிடிப்பதைக் கொல்வதாக்கிவிட்டார் அவர் மனைவி ஆனந்திபாய் என்பது நாடெங்கும் வழங்கும் கதை. மராத்தியில் 'த' வரிசை எழுத்து ஒன்று 'ம' ஆனால் போதும்; பொருள் அவ்வாறு மாறிவிடும். கோப்பு எழுதுவோர் அனைவரும் இக்கதையை ஒருமுறை கேட்டுவைப்பது நலம். பௌர்ணமி இரவில் அச்சிறுவனின் குரல் கேட்கும் என்று சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்துவோரும் உண்டு. பேய்க்கதை எளிதில் பரவுகிறது. அதற்குப் பின்னே நின்ற நீதிபதியின் கதையைச் சொல்வார் குறைவு.

அந்நீதிபதி ராமசாஸ்திரி பிரபுணே. கொலைக்குப்பின் ரகுநாதராவே பேஷ்வாவாக அமர்ந்தார். தலைமை நீதிபதியாகிய ராமசாஸ்திரி விசாரணை நடத்தி, பேஷ்வாவே குற்றவாளி என்று கண்டு, அதை அவர் முகத்துக்கு நேரே கூறினார். இக்குற்றத்துக்குக் கழுவாய் யாது என்று கேட்டபோது, உயிரை விடுவதே என்று விடை பகர்ந்தார். சொல்லிவிட்டுப் பதவியைத் துறந்து புனேயை நீங்கித் தம் ஊருக்குச் சென்றார். பின்னர் நானா பட்னவீசும் பிறரும் கூடி ரகுநாதராவை நீக்கி, நாராயணராவ் இறந்தபின் பிறந்த குழந்தையைப் பேஷ்வாவாக்கிய காலத்தில்தான் அவர் மீண்டும் நீதி இருக்கையில் அமர்ந்தார். திருவாரூரில் தேர்க்காலில் மகனைக் கிடத்திய மனுநீதிச் சோழனைச் சொல்லி வளர்ந்தவர் நாம். மன்னன் தன் மகனைத் தண்டித்தது பெரிதே. ஊதியம் வாங்கும் பணியாளர் ஒருவர், ஊதியம் தருபவரையே குற்றவாளி என்று அவர் மாளிகையில் நின்று தீர்ப்புரைத்தது அதனினும் அரிதன்றோ? அந்தப் புல்வெளியில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதை இது.

அக்குழந்தையே சவாய் மாதவராவ். ஆயிரம் நீர்த்தாரை என்று பெயர் பெற்ற, பதினாறு இதழ்த் தாமரை வடிவான நீரூற்று அவர் பொருட்டு அமைத்தது. 1795 அக்டோபரில், இருபத்தோராவது வயதில், மாடியிலிருந்து வீழ்ந்து அவர் உயிர் நீத்ததும் இவ்வரண்மனையிலேதான். நீரூற்றின் கல் தொட்டி இன்றும் இருக்கிறது.

அந்நீரூற்றுக்கு நீர் எங்கிருந்து வந்தது? யான் அறிந்த அளவில், பேஷ்வாக்கள் இந்நகரத்துக்குச் செய்த செயல்களில் இதுவே தலையாயது. ஆயினும் சுற்றுலா வருவோர் இதனை அறியார். நகரத்துக்குத் தெற்கே, ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் தொலைவில், காத்ரஜ் மலையடிவாரத்தில் அணை கட்டி ஏரியாக்கி, அங்கிருந்து நிலத்தின் கீழே செங்கல்லும் கல்லுமாய்ச் சுரங்கக் கால்வாய் அமைத்து, பேட்டைகளுக்கு நீர் கொணர்ந்தார் பேஷ்வா நானாசாகேப். 1750-ஐ ஒட்டித் தொடங்கிய வேலை 1757 அளவில் முடிந்தது. பல இடங்களில் கால்வாயினுள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். இடையிடையே காற்று புகவும், வண்டல் அள்ள ஆட்கள் இறங்கவும், 'உச்வாஸ்' எனப்படும் கிணறு போன்ற வாய்கள் உண்டு. உச்வாஸ் என்றால் மூச்சு. கால்வாய்க்கு மூச்சுவிட வழி வைத்தவர்கள் அதற்கு அப்பெயரையே இட்டனர்.

இதில் வியப்பதற்குரியது சரிவு. எந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. நீர் தானே ஓடிவர வேண்டும். சரிவு மிகுந்தால் நீர் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் தங்கும். இருப்புப்பாதை அமைப்பதில் சரிவு கணிக்கும் பொறியாளர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்னும் முறையில் சொல்கிறேன்: எட்டுக் கிலோமீட்டருக்கு அதைப் பிசகாமல் கணிப்பது சிறு செயலன்று. கர்ஜத்துக்கும் கண்டாலாவுக்கும் இடையே போர்காட் மலையில் ரயில் ஏறியது 1863-இல். இக்கால்வாய் அதற்கு நூறாண்டு மூத்தது.

வந்த நீர் ஹௌத் எனப்படும் தெருத் தொட்டிகளில் நிரம்பியது. புத்வார்ப் பேட்டையில் காளா ஹௌத், சதாசிவப் பேட்டையில் ஒரு ஹௌத் என ஊரெங்கும் இருந்தன. அரண்மனை நீரூற்றுக்குச் சென்ற அதே நீர் தெருவாரின் குடத்துக்கும் சென்றது. நம் தஞ்சையிலும் செவ்வப்ப நாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து சுடுமண் குழாய்களின் வழியே நகரத்துக்கும் நீர் சென்றது. ஜலசூத்திரம் என்று அதனை வழங்கினர். இருநகரத்து முன்னோரும் நீரை வணங்கியதோடு நில்லாமல் வழிநடத்தவும் அறிந்திருந்தனர். காத்ரஜில் ஏரியை ஒட்டி இப்பொழுது மாநகராட்சியின் மிருகக்காட்சி சாலை உள்ளது. புலி பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், அந்த ஏரியையும் சிறிது சுட்டிக்காட்டினால் கூடுதல் கட்டணம் ஏதும் இல்லை.

மாலை வேளைக்குப் பர்வதி மலை. 103 படிகள், அகன்ற, தாழ்ந்த படிகளாதலால் முதியோரும் நின்று நின்று ஏறலாம். தேவதேவேசுவரர் கோயிலை நானாசாகேப் 1749-இல் எழுப்பினார். பானிபட் தோல்வியில் மகன் விசுவாசராவையும், உடன்பிறந்தானைப் போன்ற சதாசிவராவையும் ஒருங்கே இழந்த துயரம் தாளாமல், அதே 1761-ஆம் ஆண்டு சூன் 23-இல் அவர் உயிர் பிரிந்ததும் இம்மலைமேல்தான். ஊருக்கு நீர் கொணர்ந்தவர் அவ்வூர் முழுவதையும் பார்த்தபடி கண்மூடினார்.

மலைமேல் கார்த்திகேயனுக்கும் கோயில் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் முருகன் என்றதும் ஆவலோடு விரைவர். ஆனால் மராட்டிய மரபில் கார்த்திகேயன் பிரமசாரி. மகளிர் அவன் சந்நிதிக்குச் செல்லாமை பழைய வழக்கம். வள்ளியை மணக்கத் தினைப்புனத்தில் கிழவேடம் பூண்டவனா இவன் என்று நம்மவர் திகைப்பது இயல்பே. அதனை முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

1817 நவம்பர் 5-இல் கட்கிப் போர் நடந்தபோது, கடைசிப் பேஷ்வாவாகிய இரண்டாம் பாஜிராவ் இம்மலையிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பர். கட்கிக்கும் கணேஷ்கிண்டுக்கும் இடைப்பட்ட சமவெளிதான் போர்க்களம். கட்கி நிலையத்தில் இறங்கி வேலைக்கு விரையும் நம் அன்பர்கள் அக்களத்தின் ஓரமாகவே செல்கின்றனர். பன்னிரண்டாம் நாள், நவம்பர் 17-இல், சனிவார் வாடாவின்மீது ஆங்கிலக் கொடி ஏறியது. அடுத்த ஆண்டு பாஜிராவ் எட்டு லட்ச ரூபாய் ஆண்டு ஓய்வூதியத்துக்குச் சரணடைந்து, கங்கைக் கரையில் பிட்டூருக்கு அனுப்பப்பட்டார்.

தஞ்சையின் சரபோஜியோ, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1799-இல், நாட்டாட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டு, கோட்டையோடும் ஓய்வூதியத்தோடும் அமைந்தார். வீரம் விளைந்த செயல் என்று அதனை யாரும் பாடமாட்டார். ஆனால் அரசாட்சி போனபின் அவர் நூல் சேர்த்தார். ஓலைச் சுவடிகளைப் படியெடுப்பித்தார். பல மொழி அச்சு நூல்களை வரவழைத்தார். சண்டையிட்ட புனேயின் அரண்மனை அன்னியர் கைக்குச் சென்ற பத்தாண்டில் சாம்பலாயிற்று. சண்டையிடாத தஞ்சையின் அரண்மனை, நூல் நிலையத்தோடு இன்றும் நிற்கிறது. இவ்விரண்டில் எதைச் சரியென்று கொள்வது? பல நாள் எண்ணிப் பார்த்தும் எனக்கு ஒருபக்கமாகச் சாய மனம் வரவில்லை. சரசுவதி மகாலில் நிற்கும்போது சரபோஜியின் பக்கமும், தில்லி வாயிலின்முன் நிற்கும்போது மறுபக்கமும் நியாயம் தோன்றுகிறது.

பொழுதிருப்பவர் பார்க்க இன்னும் பல உள. இரண்டாம் பாஜிராவின் விசிராம்பாக் வாடாவில் மர வேலைப்பாடுகள் கண்ணைக் கவரும். 1821-இல் ஆங்கிலேயர் சமஸ்கிருதக் கல்லூரியைத் தொடங்கியது அங்கேதான். வானவடியில், 1794-இல் மறைந்த மகாத்ஜி சிந்தேயின் நினைவு மண்டபம் அமைதியான இடம். துளசிபாக் இராமர் கோயிலுக்கு வழி சொல்லவேண்டியதில்லை. பாத்திரக் கடைகளுக்காக நம் இல்லத்தரசியர் அவ்வழியை நன்கறிவர். கோயில் கடைகளுக்கு உள்ளே இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

கடைசியாக ஓரிடம், சுற்றுலா நூல்களில் அதற்குப் பெரிய இடம் தரமாட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில், கவுன்சில் ஹாலுக்கு அருகே, 1891-இல் கட்டிய கல் கட்டிடத்தில் புனே ஆவணக்களரி இருக்கிறது. பேஷ்வா தஃப்தர் என்பது வழக்கிலுள்ள பெயர். அரண்மனை எரிந்தாலும் அரசின் தாள்கள் எரியவில்லை. வரிக்கணக்கு, படைச் செலவு, கடிதம், தீர்ப்பு, நாட்குறிப்பு எனக் கோடிக்கணக்கான தாள்கள் துணியில் கட்டிய மூட்டைகளாய் அடுக்கப்பட்டுள்ளன. அம்மூட்டைக்கு ருமால் என்று பெயர். அவற்றில் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்தே, வரலாற்றறிஞர் கோ. ச. சர்தேசாயி 1930 முதல் 1934 வரை நாற்பத்தைந்து தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

அத்தாள்களின் எழுத்து தேவநாகரி அன்று, மோடி. எழுதுகோலை அடிக்கடி தூக்காமல், சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், கோட்டில் தொங்கவிட்டாற்போல் விரைந்து எழுதிச் செல்லும் குமாஸ்தாக்களின் எழுத்து. தஞ்சை அரண்மனையின் எழுத்தர்களும் இதே மோடியில்தான் எழுதினர். அரிசி இவ்வளவு, விளக்கெண்ணெய் இவ்வளவு, சத்திரத்தில் உண்டவர் இத்தனை பேர், கோயிலில் ஆடியவளுக்குக் கொடுத்தது இவ்வளவு என்னும் காவிரி நாட்டுக் கணக்குகள் சரசுவதி மகாலில் மோடி எழுத்தில் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. படிக்கப்படாமல் இருப்பன மிகப் பல.

அவற்றைப் படிப்பதற்கு மராத்தியும் வேண்டும், மோடி எழுத்தும் வேண்டும். அதிலுள்ள ஊர்ப்பெயரும் நெல்லின் பெயரும் கோயில் வழக்கும் விளங்குவதற்குத் தமிழும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே கூடியவர் தஞ்சையில் அரியர். பள்ளியில் மராத்தியும் வீட்டில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகள் இந்நகரத்துப் பேட்டைகளிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனர். மோடி எழுத்தைக் கற்பிக்கும் வகுப்புகளும் இதே புனேயில்தான் நடைபெறுகின்றன. நம் சங்கம் ஆண்டுதோறும் கோலப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறது. அவற்றோடு, கோடை விடுமுறையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு மோடி வகுப்பு ஒன்றையும் ஏற்பாடு செய்தல் இயலுமா என்று நிருவாகக் குழுவினர் கருதிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்பார்வைக்கு யான் வரச் சித்தமாயிருக்கிறேன்.